13 பெயர் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் சங்கமொன்றின் கூட்டத்துக்கு, பயிற்சி கொடுக்கிறவன் என்று, என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். நீர்ப்பந்தாட்டத்துக்கு (வாட்டர் போலோ) ஒரு அணி போடப் போகிறோம், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு தரச் சம்மதித்துவிட்டார்கள், பந்தும் தொப்பியும் வந்துவிடும், இந்தத் தவணை முடிவதற்குள் கொழும்பில் ஒரு போட்டியில் இறங்கிவிட வேண்டும், ஆகவே மாத முடிவுக்குள் 13 பிள்ளைகளின் பெயர் வேண்டும் என்றீர்கள். நான் தயங்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி யோசிக்கிறாய்? வாவிக்குள்ள பிறந்த புள்ளைகள். தண்ணிக்குள்ள பந்து எறியிறதுக்கு இவனுகளுக்கு நாம படிப்பிச்சா குடுக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தேநீர் வந்தது. பேச்சு இல்ல விளையாட்டுப் போட்டியின் பந்தல் செலவுக்குப் போய்விட்டது.

நான் சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். சங்கத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கலாம். இதே யோசனை வேறு ஊர்ச் சங்கங்களிலும் ஓடுவதாகக் காதில் விழுந்ததால் பொதுவில் எழுதுகிறேன். அந்த அண்ணன் கோபிக்க மாட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியால் ஒரு பிள்ளை மூழ்கப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நானும் அந்த வாவிப் பிள்ளைதான். மட்டக்களப்பு வாவிக் கரையில், கல்லடியில் வளர்ந்தவன். எனக்கு யாரும் நீச்சல் பழக்கியதாக ஞாபகம் இல்லை. மாமாவின் தோணியைப் பிடித்துக்கொண்டு கிடந்த காலம் ஒன்று, தோணி இல்லாமலே கிடந்த காலம் ஒன்று, அவ்வளவுதான் தெரியும். அந்தத் திமிரோடுதான் 21 வயதில், கொழும்பில் படிக்கும்போது, விடுதித் தோழன் ஒருவனோடு நீர்ப்பந்தாட்டப் பயிற்சிக்குப் போனேன். பயிற்றுநர் வயதான சிங்களவர். மட்டக்களப்பான் என்றதும் அவருக்கும் சந்தோசம். நீந்தச் சொன்னார், நீந்தினேன், தலையை ஆட்டினார். அதன் பிறகு ஆழமான பக்கத்தில் நடுவில் போய் நிற்கச் சொன்னார். இரண்டு கையையும் வெளியே தூக்கு, முழங்கை தெரியட்டும் என்றார். கடிகாரத்தைத் தட்டினார்.

25ஆவது விநாடியில் என் நாடி தண்ணீருக்குள். 40ஆவது விநாடியில் மூக்கு. கையைக் கீழே போட்டுத் தண்ணீரை அமத்தித்தான் மேலே வந்தேன். பக்கத்தில் ஒரு 14 வயதுப் பொடியன், வெள்ளை பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தபடி, கூட்டாளியோடு கதைத்துக்கொண்டு நின்றான். நான் இருமி முடியும் வரைக்கும் மரியாதைக்குக் கதையை நிறுத்தினான். பிறகு தொடர்ந்தான்.

நம் பக்கத்தில் 'நிலை' என்று ஒரு சொல் இருக்கிறதே, கால் தரையில் ஊன்றி நிற்கக்கூடிய ஆழம், அதுதான் இங்கே முழு விசயமும். வாவியில் குளிக்கிற பிள்ளை எங்கே நிலை இருக்கிறது, எங்கே நிலை எட்டாது என்று காலாலேயே படித்து வைத்திருக்கிறான். களைத்தால் நிலைக்கு வந்துவிடுவான். பந்து எறிகிற விளையாட்டெல்லாம் நெஞ்சளவுத் தண்ணீரில்தான். நீர்ப்பந்தாட்டத்தில் நிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆழம் குறைந்தது 1.8 மீட்டர். கால் தரையில் படக் கூடாது, கரையைப் பிடித்து ஆறக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரே நேரத்தில் 7 பேர், 25 முதல் 30 மீட்டர் நீளத்தில் மேலும் கீழும். 8 நிமிடம் வீதம் நாலு பகுதி. 32 நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கும் என்பதால் ஒரு மணித்தியாலம் அளவுக்கு இழுபடும். கடிகாரம் நின்றாலும் கால் நிற்க முடியாது. அந்த நேரத்துக்குள் ஒருவன் நீந்தி முடிக்கிற தூரம் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டலாம். அதுவும் ஒரே சீரான நீச்சலில்லை. பாய்ந்து நீந்தி, நின்று, ஒருவனோடு மல்லுக்கட்டி, திரும்பிப் பாய்ந்து, மறுபடி நின்று.

அந்த நிற்றலைத்தான் படிப்பிக்க வேண்டும். ஆட்டக்காரர் அதை எக்பீட்டர் என்பார்கள், முட்டை அடிக்கிற கருவியின் பெயர். எனக்கு விளங்கியது அம்மம்மா வீட்டுத் திரிகையை வைத்துத்தான். கதிரையில் முழங்காலை அகட்டி உட்கார்ந்திருப்பது போல இடுப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இருப்பிலே வலது காலால் ஒரு திரிகையை ஒரு பக்கமாகவும் இடது காலால் இன்னொரு திரிகையை எதிர்ப் பக்கமாகவும் சுற்ற வேண்டும். இரண்டும் ஒருமிக்கச் சுற்றினால் உடம்பு எழும்பி எழும்பி விழும். ஒன்று விட்டு ஒன்று சுற்றினால் உந்தல் அறாது, தலை ஒரே மட்டத்தில் நிற்கும். அப்போதுதான் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைதான் பந்தைப் பிடிக்கும். வாவிப் பிள்ளை தோற்பது இந்த இடத்தில். அவன் கையால் மிதக்கிறவன். கையைக் கேட்டீர்களோ, ஆளும் கீழே.

இந்தக் கால் ஒரு தவணையில் வராது. வளர்ந்த ஆளான எனக்கு, வாரத்துக்கு ஐந்து நாள் இறங்கியும், ஒரு முழு ஆட்டத்துக்குத் தாங்குகிற கால் வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் முழங்காலின் உட்பக்கம் இரண்டு தரம் வீங்கியது. முழங்கால் அப்படிச் சுற்றுவதற்குப் படைக்கப்பட்ட மூட்டில்லை. இடுப்பு இளகாதவன் வேகமாகச் செய்யப் பார்த்தால் அந்த இழுவை முழுக்க முழங்காலில்தான் விழும். கோல் காப்பாளருக்கு இன்னும் மோசம். இடுப்புக்கு மேல் எழும்பி எழும்பிப் பக்கத்துக்குப் பாய்கிறவர் என்பதால் அவருக்குக் கவட்டுத் தசை போகும். கவட்டுத் தசை இழுபட்ட ஒருவன் மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கைபிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் ஏறுவான்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு கனம் கூடியது. 50 கிலோப் பிள்ளையைக் கடல் ஒரு கிலோவுக்கு மேல் அதிகமாகத் தாங்கும். வாவி இரண்டுக்கும் இடைப்பட்டது. மாரி வெள்ளத்தில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். தடாகத்தில் அந்தத் தயவு இல்லை. ஒரு கிலோ ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். ஒரு கிலோச் சீனியைத் தலையில் கட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் மிதந்து பாருங்கள்.

நம் தமிழருக்குள் நீரில் நின்று காட்டியவர் ஒருவர் இருந்தார். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன். 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர் 80 மணித்தியாலம் தண்ணீரில் நின்ற நிலையிலேயே மிதந்தும் சாதனை வைத்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி உயிரை விட்டார். கடற்கரையில் பிறந்தவன் என்பதால் ஆனந்தனுக்கு எதுவும் சும்மா வரவில்லை. சொல்லப்போனால் கடற்கரைக்கும் இந்த விளையாட்டுக்கும் பெரிய சொந்தமே இல்லை. ஒலிம்பிக்கில் ஆண்கள் நீர்ப்பந்தாட்டத் தங்கத்தை 9 தடவை எடுத்தது ஹங்கேரி. படத்தை விரித்துப் பாருங்கள், ஹங்கேரிக்குக் கடல் கிடையாது. 2016 ரியோ, அடுத்தது டோக்கியோ, 2024 பாரிஸ், மூன்றிலும் தங்கம் எடுத்தது சேர்பியா. அதற்கும் கடல் கிடையாது. தடாகமும், சின்ன வயதில் தொடங்குகிற பயிற்சியும், அந்தப் பயிற்சியைத் தலைமுறையாகக் கொடுக்கிற ஆட்களுமே அவர்களுக்குக் கடல். கொழும்பிலும் அப்படித்தான். ஹேமன் கிண்ணத்துக்காக றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் வருடாவருடம் ஆடுகின்றனவே, அந்தப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே தடாகத்தில் இறங்கியவர்கள். அவர்களுக்கு எதிரில் நம் பிள்ளையை ஒரு தவணைப் பயிற்சியோடு விடப் போகிறோம்.

எறிதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் எறிகிறவன் தரையை மிதித்து எறிகிறான். இங்கே மிதிக்க ஒன்றுமில்லை. கால் இரண்டும் ஒரே மூச்சில் தண்ணீரை அடித்து, விலா தெரியும் வரை உடம்பைத் தூக்க வேண்டும்; தூக்கின அந்த அரை விநாடிக்குள் இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கை வர வேண்டும். பந்து 400 முதல் 450 கிராம், பருமன் கால்பந்தளவு. கோல் காப்பாளரைத் தவிர யாரும் இரண்டு கையால் தொடக் கூடாது. கால் எழும்பாதவன் தோளால் மட்டும் எறிவான். ஆறு மாதம் அப்படி எறிந்தவன் தலைமுடி இழுக்கக் கையைத் தூக்கும்போது முகத்தைச் சுளிப்பான். அரை நிமிடத்துக்குள் எறிந்தாக வேண்டும் என்பதால் தோளுக்கு ஓய்வும் கிடைக்காது. பந்து போனதும் திரும்பி மறு கரைக்குப் பாய வேண்டும், அதுவும் தலையைத் தூக்கியபடி. தலை மேலே இருந்தால் இடுப்புத் தாழும், இடுப்புத் தாழ்ந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். பிடரியும் நாரியும் அடுத்த நாள் கதை சொல்லும்.

இனி, கரையிலிருந்து தெரியாத பாதி. கோலுக்கு முன்னால், இரண்டு மீட்டர்க் கோட்டடியில், இரண்டு பேர் ஒருவன் முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மேலே பார்த்தால் இரண்டு தலை. கீழே சல்லடம் இழுபடுகிறது, கணுக்கால் கொழுவுகிறது, முழங்கை விலாவில் ஏறுகிறது. மத்தியஸ்தர் கரையில் நடக்கிறவர். நுரைக்குக் கீழே நடப்பதில் கால்வாசிகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் ஆட்டத்துக்கு முன் எல்லோர் கை கால் நகத்தையும் பார்க்கிறார். அதனால்தான் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது என்று சட்டம். (என் அம்மா பயிற்சிக்குப் போகும் என்னைக் கூப்பிட்டு, "மனே, குளோரின் தண்ணி, ஒள்ளம் எண்ணெய் வச்சிற்றுப் போ" என்று உச்சியில் தேய்ப்பா. விடுமுறைக்கு வந்து சிநேகபூர்வ ஆட்டம் ஒன்றுக்குப் போன நாளில் மத்தியஸ்தர் என்னை மணந்து பார்த்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் குளித்து வரச் சொன்னார்.) நீச்சல் கண்ணாடி போட அனுமதியில்லை. தொப்பியில் காதுக்கு மூடி இருப்பது அலங்காரத்துக்கில்லை; தண்ணீரோடு சேர்ந்து விழுகிற ஒரு அறை காதுச் சவ்வைக் கிழித்துவிடும். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் ஹங்கேரியும் சோவியத் ஒன்றியமும் ஆடிய ஆட்டத்தில் எர்வின் சாடோர் என்ற ஹங்கேரி வீரர் கண்ணடியில் இரத்தம் வழிய வழியத் தடாகத்திலிருந்து ஏறினார். அதற்குப் பின்னால் அரசியல் இருந்தது, உண்மைதான். ஆனாலும் இது சாதுவான விளையாட்டில்லை என்பதைப் பெற்றோருக்கு முதலே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பிள்ளை மூழ்கப் பார்த்தது என்றேனே, அது வெளியில் யாருக்கும் தெரியாது. சில வருடங்களுக்கு முன் நம் பக்கத்துப் பாடசாலை ஒன்று இப்படித்தான் அவசரத்தில் ஒரு அணி கூட்டியது. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உதவிக்கு என்னையும் கேட்டார்கள், நானும் போனேன், ஆகவே பிழையில் எனக்கும் பங்குண்டு. கிடைத்த தடாகத்தில் பிள்ளைகளுக்கு நெஞ்சளவுத் தண்ணீர். பயிற்சி நன்றாகத்தான் போனது. பந்து பறந்தது, சத்தம் பறந்தது, முகநூலில் படம் பறந்தது. ஒருவனும் மிதக்கவில்லை என்பதை, எல்லோரும் நின்றுகொண்டு எறிகிறார்கள் என்பதை, நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

கொழும்பில் தடாகம் இரண்டு மீட்டர். முதல் எட்டு நிமிடத்தில் 9 கோல் வாங்கினோம். அதைவிடுங்கள். இரண்டாவது பகுதியில் நம் கோல் காப்பாளர் கம்பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நடுவில் நின்ற ஒரு பொடியன் பந்துக்குக் கையைத் தூக்கினான். தூக்கின கை அப்படியே மெதுவாக, செங்குத்தாக, உள்ளே போனது. கத்தவில்லை, அடிக்கவில்லை. நீந்தத் தெரிந்தவன் மூழ்கும்போது சத்தமே வராது. நம் ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை. எதிரணிப் பொடியன் ஒருவன்தான் பந்தை விட்டுவிட்டு அவனைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினான். கரையில் படுக்க வைத்தோம். வாந்தி எடுத்தான், அழுதான், பிறகு சரியாகிவிட்டான். இரவு பாடுமீன் ரயிலில் என் பக்கத்தில் இருந்தான். வெலிக்கந்தை தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு சொன்னான்: "சேர், அங்க நிலையே எட்டல்ல. நீங்க சொல்லவே இல்லையே."

அடுத்த கிழமை அவன் நீச்சலையே விட்டுவிட்டான். வாவிப் பக்கமும் போவதில்லை என்று கேள்வி.

நம் ஊரில் தண்ணீருக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனையிலும் காரைதீவிலும் தண்ணீர் என்றால் என்ன என்று நான் எழுதிக் காட்ட வேண்டுமா? இன்றைக்கு 14 வயதுப் பிள்ளையின் தாய் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை. போன வருடம் அப்படியொரு தாய், மகளைப் பயிற்சிக்குச் சேர்க்க வந்தவர், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேர், நீங்க கரையில நிப்பீங்களா, தண்ணிக்குள்ள நிப்பீங்களா?" ஆழம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. உங்கள் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. உயிர்காப்புப் பயிற்சி எடுத்த ஒருவர், கையில் தொலைபேசி இல்லாமல், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு கரையில் இருக்க வேண்டும். பயிற்றுநர் அதற்குக் கணக்கில்லை. பயிற்றுநர் பந்தைப் பார்க்கிறவர். இந்தச் சம்பளத்தைத் தொப்பிக்கு முன் ஒதுக்குங்கள்.

அதோடு மூச்சடக்குகிற போட்டிகளை நிறுத்துங்கள். பொடியன்கள் நாலைந்து தரம் வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போவார்கள். அப்படி இழுத்து விடும்போது உடம்பில் கரியமிலவாயு குறைந்துவிடும். மூச்செடு என்று நெஞ்சை முட்டுவது அந்த வாயுதான். அது குறைந்தால் முட்டல் பிந்தும். முட்டுவதற்கு முன்பே ஒட்சிசன் தீர்ந்து, உள்ளேயே மயங்கிவிடுவான். நன்றாக நீந்துகிறவனுக்குத்தான் இது நடக்கும், ஏனென்றால் அவன்தான் விட்டுக்கொடுக்க மாட்டான்.

வாவியிலேயே பயிற்சி வைத்தால் செலவு மிச்சமே என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. வாவித் தண்ணீரில் ஒரு முழத்துக்குக் கீழே கை தெரியாது, அக்கா. ஒரு தலை குறைந்தால் எங்கே தேடுவது? வலை கிடக்கும், போத்தல் ஓடு கிடக்கும், சில பக்கங்களில் முதலையும் கிடக்கும். தூரம் நீந்திப் பழக, வள்ளத்தில் ஆள் கூட வந்தால், வாவி நல்லது. இந்த விளையாட்டுக்குக் கூடாது.

சாப்பாட்டையும் வெயிலையும் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் திறந்த தடாகம் பின்னேரம் மூன்று மணிக்கு வெந்நீர். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. ஏறினதும் தலையிடி என்று பனடோல் கேட்பான். காலை ஐந்தரைக்கு வைத்தால் ரியூசனோடு முட்டும், அதை அதிபரோடும் ரியூசன் ஆசிரியரோடும் நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தவனுக்கு வருகிற பசி ஓட்டக்காரனின் பசியைப் போலில்லை. ஒரு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கௌப்பி, இரண்டு வாழைப்பழம், ஆளுக்கு இவ்வளவாவது கரையிலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும் என்று விட்டால், சில வீடுகளில் அன்றைக்கு என்ன இருக்குமோ. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் நோன்பு காலத்தில் கடும்பயிற்சி செய்ய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த மாதத்தில் நோன்பு திறந்த பிறகு இலேசாக வைக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும், பெண் பயிற்றுநரும், அவர்கள் சம்மதிக்கிற உடையும் முதலே பேசி முடிவாக வேண்டும். பெண்கள் நீர்ப்பந்தாட்டம் ஒலிம்பிக்குக்கு வந்ததே 2000இல், ஆண்களுக்கு 100 வருடம் பிந்தி. நாமும் பிந்த வேண்டுமென்று இல்லை.

இவ்வளவும் எழுதியது வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தைக் கையில் எடுத்தபோதும் அது இந்த ஊருக்கு ஊர் பெயர் தெரியாத விளையாட்டுத்தான். புனித மிக்கேல் கல்லூரித் திடலில் ஆண்டாண்டாகப் பின்னேரம் பின்னேரமாக நின்றார்கள். வெபர் அடிகளாரின் பேரில் இன்று மைதானம் இருக்கிறது. யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 காணாமல் போகும் வரைக்கும் இங்கேயே இருந்தார். அவர்களிடம் படித்தவர்கள் உங்கள் சங்கங்களிலேயே இருப்பார்கள். முதல் தவணையில் எத்தனை போட்டிக்குப் போனீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றரை வருடம். முதல் ஆறு மாதம் கால் மட்டும். பந்தைக் கண்ணில் காட்டாவிட்டால் பொடியன்கள் வர மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், ஆகவே கடைசிப் பத்து நிமிடம் பந்து கொடுப்பேன். ஆழமான தடாகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் நேரம் எடுத்துத் தாருங்கள். தடாகம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, வான் பிடிப்போம். கை இரண்டையும் தூக்கி இரண்டு நிமிடம் நிற்காத ஒருவனையும் நான் ஆட்டத்தில் இறக்க மாட்டேன். யார் பேரனாக இருந்தாலும், காசு கொடுத்தவரின் மருமகனாக இருந்தாலும். இது உங்களுக்கு ஒத்துவராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம், எனக்கு மனவருத்தம் இல்லை. அந்த ஆளுக்கும் இந்த மடலைக் காட்டுங்கள்.

போட்டிக்குப் பெயர் பதிகிற கடிதம் ஏற்கெனவே போய்விட்டதாக நேற்றுச் சொன்னார்கள். தயவுசெய்து திருப்பி எடுங்கள். வெட்கம் ஒரு நாளோடு போகும்.

நீங்கள் கேட்ட பெயர்ப் பட்டியலை இதோடு செயலாளரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். போன சனிக்கிழமை 31 பிள்ளைகளை ஆழமான பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னைவிட நன்றாக நீந்துகிறவர்கள். ஒரு நிமிடம் கையைத் தூக்கி நின்றவர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். பட்டியலில் அந்த ஐந்து பெயர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் பழைய மாணவன் ஒருவன்